பிரஷர் பையன்

சாம்பார் வாயில் பட்டதும் இசக்கிராஜுக்குக் குமட்டியது. உப்பு இல்லை. ஒரு கல் கூட இல்லை. வெந்நீரில் மஞ்சளைக் கலக்கி அதில் பூசணித் துண்டுகளை மிதக்கவிட்ட மாதிரி ஒரு கருமம். துப்பவும் முடியாது. எதிரே தினகரன் உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டே மெல்லுகிறான், அவன் வாய்க்குள் சோறு உருளுவது பளிச்சென்று தெரிகிறது, அதைப் பார்த்தால் உள்ளே போனதும் வெளியே வந்துவிடும். சரி, குனிந்துகொள்ளலாம் என்றால் கீழே கிண்ணம். எவர்சில்வர் கிண்ணம், அதற்கொரு மூடி, மூடியில் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு. மெஸ் நடத்துகிற துளசிமணியக்கா வைத்த பொட்டு. ‘உன்ற கிண்ணம் மாறிப்போயிரக் கூடாது பாரு கண்ணு, அதான் அடையாளம் வெச்சுட்டன்.’ இந்தப் பனியன் கம்பெனியில் டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று அத்தனை பேரும் ஒரே அண்டாவில் இருந்துதான் தின்கிறார்கள். அயர்ன் மேசைக்காரன் இசக்கிராஜுக்கு மட்டும் அண்டாவில் உப்பு விழுவதற்கு முன்னால் ஒரு கரண்டி தனியாக எடுத்து, மூடி, பொட்டு வைத்து. இதற்குப் பெயர் அன்பு. அதுதான் இன்னும் குமட்டியது. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். கிண்ணத்தில் பொட்டு வைக்கிறவளை என்ன செய்வது? தின்ன வேண்டியதுதான். எச்.ஆர். மேடம் வருவதற்குள் தின்று முடித்து எழுந்துவிட வேண்டும். மெஸ்ஸுக்கு மேடம் வரும், உன்னிடமும் கேட்கும் என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாய். இன்னும் ஒன்று. ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்குகிறது.

அவனுக்குப் பிரஷர் கிடையாது. சர்க்கரை கிடையாது, ஒரு எழவும் கிடையாது. பத்தொன்பது வயசு. ரத்தமெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஓடாதது வேறு. இந்தக் கிண்ணம் வந்த அன்றைக்குக் காலையிலிருந்தே கை அவன் கை மாதிரி இல்லை, இதை எப்படிச் சொன்னாலும் கதை விடுகிற மாதிரிதான் இருக்கும். சோகம் கீகம் ஒன்றுமில்லை. அழுகை வந்தாலாவது பரவாயில்லை, அதுவும் வரவில்லை. எல்லாவற்றின் மேலும் ஈரச் சாக்கைப் போட்டு மூடின மாதிரி. குளித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது, தன் நாற்றம் தனக்கே அடித்தது, அப்படியும் பக்கெட் வரை போகக் கால் எழவில்லை. ஆனாலும் மேசைக்கு வந்துவிட்டான். பிஞ்சுக் குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன், நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து. விரி, அமுக்கு, இழு, மடி. விரி, அமுக்கு, இழு, மடி. நடுவில் எங்கேயோ ‘அமுக்கு’ என்பதோடு நின்றுபோனான். அயர்ன் பெட்டி வாத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கருகின வாடை எல்லார் மூக்குக்கும் போன பிறகுதான் அவன் மூக்குக்கு வந்தது. அதற்குள் நெஞ்சு டமடமவென்று அடிக்க, மூச்சு பாதிவழியில் முறிய, செத்துவிடப் போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்து, மேசைக்கு அடியில் போய் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சூப்பர்வைசர் சென்னியப்பன் குனிந்து எட்டிப் பார்த்தார். ‘என்னாச்சு சாமி?’ பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது அப்போது ஞாபகம் வந்தது. ‘வேலை பாக்குற இடத்துல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைப்பா. திடீர்னு முடியாமப் போனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.’ சொல்லிவிட்டான். தடுமாறாமல், பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி: ‘அண்ணே, எனக்கு மன அழுத்தம். மாத்திரை சாப்பிடுதேன்.’ சென்னியப்பன் நிமிர்ந்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். ‘பிரஷராம்ப்பா. நகுருங்க, காத்து வரட்டும்.’

அவ்வளவுதான். அழுத்தம் பிரஷர் ஆகிவிட்டது. மன என்ற ரெண்டு எழுத்து மிஷின் சத்தத்தில் எங்கேயோ விழுந்து நூல் கழிவோடு கூட்டித் தள்ளப்பட்டுவிட்டது. மூச்சு சமமாகி, இல்லண்ணே, அது இல்ல, என்று இவன் வாயெடுப்பதற்குள் சேதி அயர்ன் மேசையிலிருந்து செக்கிங்குக்கு, செக்கிங்கிலிருந்து பேக்கிங்குக்கு, அங்கிருந்து மெஸ்ஸுக்குப் போய், மத்தியானம் இவன் தட்டோடு வந்து நின்றபோது கிண்ணம் தயாராக இருந்தது. பொட்டு மட்டும் பிறகு வந்தது. இவ்வளவு வேகமாக இந்தக் கம்பெனியில் வேறு எதுவும் நடந்து அவன் பார்த்ததில்லை. குழாய் உடைந்தால் வாரக்கணக்கில் ஒழுகும். சரி, இவனும்தான் என்ன யோக்கியம்? சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. ஏனென்றால் பிரஷர் நன்றாக இருந்தது. அதுதான் அசிங்கம். பிரஷர் மரியாதையான வியாதி. வீட்டுப் பெரிய ஆம்பளைகளுக்கு, ரெண்டு லாரி வைத்திருக்கிறவனுக்கு வருகிற வியாதி. ‘தம்பிக்கு ஃபேனுக்கடியில எடங் குடு’ என்றார்கள். பண்டல் தூக்க விடவில்லை. துளசிமணியக்கா தன் பிரஷரையும் இவன் பிரஷரையும் தினமும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ‘எனக்கு நடு மண்டையில விண்ணு விண்ணுங்குது. உனக்கு எங்க கண்ணு?’ பிடரியில் என்றான். பொய். எங்கே என்று தெரிந்தால் அவனே சொல்லமாட்டானா? ஃபேன் காற்று சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால் சாம்பாரைவிட அது மோசமாகக் குமட்டுகிறது.

எப்போதும் இப்படித்தான், அவன் நோய்க்கு அடுத்தவர்கள் வேறு பெயர் வைப்பார்கள், அந்தப் பெயருக்கு வைத்தியம் நடக்கும், வைத்தியம் இவன் வாய் வழியாகப் போகும். ஊரில் அம்மா அதை வயிற்று வலி என்றாள். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு இவன் போகாதபோது, ‘எய்யாவுக்கு வயித்து வலி’. பாயை விட்டு எழாத நாளெல்லாம் வயித்து வலி. ஓமத்தண்ணி. பள்ளிக்கூடத்தில் மஞ்சக்காமாலை. ஹெட்மாஸ்டரிடம் அப்பா போய்ச் சொன்னது அது. அதைச் சொல்லிவிட்டதால் உண்மையாகவே கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார்கள். வராத காமாலைக்குப் பச்சைச் சாந்து, வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அம்மா ஒருநாள் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ‘மஞ்ச கொறஞ்சிருக்கு’ என்றாள், அவளே கட்டின கதையை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். பன்னிரண்டாவது பரீட்சையில் பேப்பரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து வெள்ளைத்தாளாகக் கொடுத்துவிட்டு வந்தபோதுதான் அப்பாவுக்குப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. ‘ஏல, ஒனக்கு என்னல கொறச்ச? சோறு இல்லையா, துணி இல்லையா?’ சோறும் இருந்தது, துணியும் இருந்தது, இல்லாதது அதில் இல்லை. பிறகு அவனே பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். ஒருத்தி, முதல்முறையாக ஒருத்தி, அதற்கு அதன் பெயரையே சொன்னாள். மன அழுத்த நோய். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய்ப்பா. வெளியே வந்து வேப்பமரத்தடியில் அந்தப் பெயரை நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். பெயர் பரவாயில்லை. சொந்தப் பெயர் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வந்தால் இங்கே உப்பில்லாத கிண்ணம்.

‘என்ன மாப்ள, எறங்க மாட்டேங்குதா?’ என்று தினகரன் கேட்டான். திண்டுக்கல் பக்கத்துக்காரன், ஓவர்லாக் டெய்லர், கெட்டவன் இல்லை, வாய்தான். விரலை ஒவ்வொன்றாகச் சூப்பினான். ‘என் தட்டுல ஊறுகாய் இருக்கு, மோந்து பாத்துக்கிறியா? மோந்தா பிரஷர் ஏறாதுல்ல?’ பக்கத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள். இதெல்லாம் பழசு. நேற்றுதான் புதுசு. நேற்று ஒரு லாட் பனியன் முழுக்கத் தையல் கோணிப்போய்த் திரும்பி வர, சென்னியப்பன் வரிசைக்கு நடுவில் நின்று எல்லாரையும் பொதுவாகக் கேட்டார், ‘சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கறீங்க? ரோசம் வேண்டாம்?’ எல்லாரும் தலையைக் குனிந்து நிற்க, தினகரன் மட்டும் கையைத் தூக்கி, ‘இசக்கி போட்டுத் திங்கலண்ணே, அவன விட்டுருங்க’ என்றான். ஃப்ளோரே சிரித்தது. மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்துவிட்டார். இவனும் சிரித்தான். இவன் வாய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் திறந்திருந்தது. ராத்திரி படுக்கையில் அதே வாயை நினைத்து அருவருத்துக்கொண்டு கிடந்தான். உப்புப் போட்டுத் தின்கிறாயா என்பது ஊரில் யாரைக் கேட்டாலும் வெட்டுக்குத்து ஆகிற கேள்வி, இவனுக்கு மட்டும் அது மெடிக்கல் ரிப்போர்ட். ரோசத்தைப் பற்றி யோசித்தானா உப்பைப் பற்றி யோசித்தானா என்று அவனுக்கே தெரியவில்லை, ரெண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டது. மேசையில் ஆவி அடிக்க அடிக்க மேலுதட்டில் வேர்க்கும். நாக்கை நீட்டி நக்கிக்கொள்வான். வாய்க்கு ருசியாக இருப்பது அது ஒன்றுதான் இப்போது. தன் வேர்வை. த்தூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் பின்னால் நின்று திருடன் மாதிரி உப்புக்கடலை தின்றான். யாரோ பார்த்துப் போய்ச் சொல்லிவிட, துளசிமணியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘நான் இத்தன பாடுபட்டு எடுத்து வெக்கறன். நீ உசுரோட வெளையாடற.’

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒருவருக்குத்தான். அது இன்றைக்குக் காலையில்தான் இவனுக்குத் தெரிந்தது, அந்த எரிச்சல்தான் காலையிலிருந்து நெஞ்சில் நெளிகிறது. மாடிப்படிக்குக் கீழே, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சென்னியப்பன் குரலை இறக்கினார். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம், தொழிலாளிகளின் மனசை இந்தக் கம்பெனி எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அதற்காகப் புதிதாக வந்திருக்கிற எச்.ஆர். மேடம் போட்டோக்காரனோடு மெஸ்ஸுக்கு வருகிறாளாம். ‘ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கும். உன்கிட்டயும் கேக்கும், கிண்ணத்தப் பாத்தா கேக்காமப் போவுமா? பிரஷருன்னு சொல்லு. சொல்லக்கூட வேண்டாம். குனிஞ்சு தின்னுட்டே இரு, கேட்டா தலையாட்டு. உப்பு டப்பாப் பக்கம் கையக் கொண்டு போயிராத.’ ‘அண்ணே, அது பிரஷர் இல்லண்ணே. அன்னைக்கு நீங்க தப்பா...’ ‘எனக்குக் காது நல்லாத்தாஞ் சாமி கேக்குது. நீ சொன்னது அன்னைக்கே கேட்டுது. கேட்டதுனாலதான் பிரஷர்னேன்.’ இவன் அவர் முகத்தையே பார்த்தான். மீசையில் டீ ஆடை ஒட்டியிருந்தது. ‘செல்வராணின்னு ஒரு புள்ள. உனக்கு முந்தி. செக்கிங்குல இருந்துது. பழைய எச்.ஆர். சாரு, எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்கன்னாரு. பேசிப்போட்டுது, மாத்திரை திங்கறேன்னு. மக்யா நாளு நூல் வெட்டற கத்தரிய அது கையில இருந்து வாங்கிட்டாங்க. கத்தரி இல்லாம செக்கிங்குல என்ன பண்றது, சும்மா ஒக்காந்துட்டிருந்துது. ஹாஸ்டல்ல பக்கத்துல படுக்க ஒருத்தியும் வரல. அப்பறம் ரெஸ்ட் எடும்மான்னு அனுப்பிச்சுட்டாங்க. பஸ் ஏத்திவுட்டது நாந்தான். பையத் தூக்கிட்டுப் போனது நாந்தான்.’ நிறுத்தி, ‘நல்ல கைசுத்தமான வேலக்காரி’ என்றார். ‘உனக்கு அயர்ன் பாக்ஸப் புடுங்கிருவாங்க. பொறவு நீ எங்க போவ?’

எங்கே போவது? ஓமத்தண்ணிக்கு. கீழாநெல்லிக்கு. வாசலில் நின்று உனக்கு என்னல கொறச்ச என்று கேட்கிற இடத்துக்கு. பெட்டியைப் பிடுங்கினால் இவன் யார்? இந்த ஆவி, இந்த விரி அமுக்கு இழு மடிதான் காலையில் இவனைப் பாயிலிருந்து கிளப்புகிறது, மாத்திரை பாதி என்றால் பெட்டி பாதி. அதனால் சென்னியப்பன் சொன்னது நியாயம். அவர் நல்லவர். துளசிமணியக்கா நல்லவள். அம்மா நல்லவள். எல்லாரும் நல்லவர்களாகச் சேர்ந்து இவன் வாயில் எதையாவது ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளேயிருந்து ஒரு சொல் வெளியே வரும்போது மட்டும் பொத்திவிடுகிறார்கள். அழுத்தக்காரப் பயல் என்று ஊரில் சொல்வார்கள், மனசில் உள்ளதை வெளியே விடாதவனை. இவனையும் அப்படித்தான் சொன்னார்கள். விட்டால்தானே? விடவிட்டால்தானே? அழுத்தம் என்று சொன்னவனை அழுத்தக்காரன் ஆக்கிவிட்டு, கருமம், யோசித்தால் தலை சுற்றுகிறது, பூசணித் துண்டு நாக்கில் சவசவ என்று கிடக்கிறது, தினகரன் ஏப்பம் விட்டான். ஊறுகாய் ஏப்பம்.

மேடம் வந்துவிட்டாள். அயர்ன் கலையாத சுடிதார், இவன் கண் முதலில் அங்கேதான் போகும், கழுத்துக்குக் கீழே மடிப்பு சரியாக விழவில்லை. பின்னால் கேமராக்காரன். அதற்கும் பின்னால் கைகட்டிக்கொண்டு சென்னியப்பன். சுவரில் நேற்று ஒட்டின நோட்டீஸ் ஈரம் காயாமல் ஒருபக்கம் உரிந்து தொங்கியது, அதில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்கிறாள். கக்கூஸ் கதவிலும் அவளேதான். உள்ளே போய் உட்காரும்போதும் பேசு பேசு என்கிறாள். ‘எல்லாரும் சாப்பிடுங்க, டிஸ்டர்ப் ஆகாதீங்க’ என்று மேடம் கையைத் தட்டினாள். ‘நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி. யாருக்காவது மனசுக்குக் கஷ்டமா இருக்கா? தயங்காமச் சொல்லலாம்.’ ஒருத்தரும் தயங்கவில்லை, ஒருத்தரும் சொல்லவுமில்லை. துளசிமணியக்கா கரண்டியோடு நின்றாள். பேக்கிங் பெண்ணிடம், ‘நீங்க ஹேப்பியா?’ ‘ஹேப்பி மேடம்.’ போட்டோ. ‘நீங்க?’ ‘நல்லாருக்கறேங் மேடம்.’ போட்டோ. ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே வருகிறார்கள், அந்தச் சிரிப்பு நேற்று இவன் சிரித்த சிரிப்புதான், அதே வாய், அதே அளவு. அது மேசை மேசையாக இவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. மேசைக்கு அடியில் போய்விடலாமா? முட்டி அதற்குள் மடங்கப் பார்த்தது. போகாதே. போனால் மறுபடி பிரஷர், மறுபடி காத்து வரட்டும், அப்புறம் சாகிறவரை இந்தக் கிண்ணம்.

‘இது என்ன, இவருக்கு மட்டும் தனிக் கிண்ணம்?’ மேடம் நின்றுவிட்டாள். பூ வாசனை அடித்தது. ‘பிரஷருங் மேடம்’ என்று துளசிமணியக்கா முந்திக்கொண்டாள், குரலில் ஒரு பெருமை. ‘சின்னப் பையன். நாந்தான் உப்பில்லாம எடுத்து வெக்கறனுங்.’ ‘ஓ, சோ ஸ்வீட்! இத எடுத்துக்கோங்க’ என்றாள் மேடம். கேமராக்காரன் கிண்ணத்துக்குக் குனிந்தான். ‘பொட்டு தெரியற மாதிரி மூடியக் கொஞ்சம் திருப்புங்க தம்பி. அப்படியே சிரிச்சிட்டே ஒரு வாய்.’ சென்னியப்பன் கேமராக்காரன் தலைக்கு மேலாக இவனைப் பார்த்தார். குனி. தலையாட்டு. தின்னு. கண்ணாலேயே சொன்னார். அவர் கைகள் அப்போதும் கட்டித்தான் இருந்தன, ஆனால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி ஒரு தோள் இறங்கியிருந்தது. இசக்கிராஜ் ஒரு வாய் எடுத்தான். எடுத்து உதடு வரை கொண்டுபோனான். வாடையே இல்லாத அந்தச் சோற்றின் வாடை வந்தது. தட்டில் திரும்பப் போட்டான். தினகரனுக்குப் பக்கத்தில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் உப்பு இருந்தது, ஈரத்தில் கட்டிதட்டி, நடுவில் ஸ்பூன் புதைந்து. இவன் இடது கையை நீட்டினான்.

‘தினா, உப்பு குடு.’

தினகரன் மெல்லுவதை நிறுத்தினான். மேடத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். டப்பாவை மேசையில் லேசாகத் தள்ளிவிட்டான், பாதிவழியில் நின்றது. ‘நீயே எடுத்துக்க மாப்ள. உப்பக் கையில குடுத்தா சண்ட வரும்.’

‘வரட்டும். கையிலயே குடு.’

தினகரன் ஸ்பூனால் குத்தி ஒரு கட்டியைப் பெயர்த்து நீட்டின உள்ளங்கையில் வைத்தான். ‘ஐயோ கண்ணு’ என்றாள் துளசிமணியக்கா. ‘தம்பி, பிரஷருக்கு உப்பு ஆகாதே’ என்றாள் மேடம், இன்னும் சிரித்துக்கொண்டுதான். ‘பிரஷர் இல்ல மேடம்’ என்றான். குரல் உடைந்துதான் வந்தது, பாதகமில்லை. ‘எனக்கு மன அழுத்தம். மனசுக்கு. பாளையங்கோட்டையில பாத்தேன், மாத்திரை சாப்பிடுதேன். நல்லா வேலை பாக்கேன், கேட்டுப் பாருங்க.’ கேமராக்காரன் கேமராவைக் கீழே இறக்கினான். மேடத்தின் சிரிப்பு முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. தினகரனுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் தட்டைத் தன் பக்கம் ஓரங்குலம் இழுத்துக்கொண்டான், இவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு உப்பைச் சோற்றில் உதிர்த்தான், சாம்பாரை ஊற்றினான், அஞ்சு விரலும் போட்டுப் பிசைந்தான். அதிகமாகிவிட்டது. கரித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குக் கரித்தது. விழுங்கினான், இன்னொரு வாய் எடுத்தான். சென்னியப்பன் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது உதடும் அசைந்தது, குனி சாமி, குனிஞ்சு தின்னு. இசக்கிராஜ் அவரைப் பார்த்துக்கொண்டே மென்றான். குனியவில்லை.